களத்துக்கு ஆகாத டயர்

கோகிலவாணிக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று இந்த ஊர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். சொன்னவர்களில் பாதிப் பேர் அவள் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்கள். ஒருவருடைய மருமகளுக்கு மலைப் பாதையில் பாதி தூரத்திலேயே வலி எடுத்து, அந்த வண்டியின் பின்சீட்டில்தான் பேரன் பிறந்தான். அந்தத் தாத்தாவும் கூட்டத்தோடு சேர்ந்து தலையை ஆட்டினார். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் ராஜேஸ்வரி. கணியம்பாடிப் பக்கம் பிறந்தவள். மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் இந்தச் சின்ன ஊரின் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். எல்லாரும் 'டீச்சர்' என்று கூப்பிடுவார்கள். டீச்சருக்கு வாய் ஜாஸ்தி என்றும் சொல்வார்கள். வாய் இருப்பது பேசத்தானே.

கோகிலவாணி இந்த ஊருக்கு வாழ வந்தவள். புருஷன் லட்சுமணன் சாமையும் கொள்ளும் போடுகிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் பேசுவதற்குக் காசு கேட்பார்களோ என்று பயந்தவர்போல் வாயைத் திறக்கவே மாட்டார். கல்யாணத்துக்கு முன்னால் கோகிலவாணி மலைக்குக் கீழே ஒரு செருப்புக் கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தாள். கூட வேலை பார்த்த பெண்கள் ஓவர்டைம் பணத்தில் கொலுசு வாங்கியபோது இவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், "சும்மா, ஆசையா இருந்துச்சு" என்றாளாம். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வண்டி வந்தது அமீனுல்லா பாயிடமிருந்து. வாணியம்பாடியில் புளி வியாபாரம் செய்பவர். புளி உலுக்கும் காலத்தில் மலை ஏறி வந்து வீடு வீடாக விலை பேசுவார். அவருடைய வெள்ளை அம்பாசிடர் காரின் சத்தம் இரண்டு வளைவு தள்ளி வரும்போதே எங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் புது கார் வாங்கியதும், இதைப் பழைய இரும்புக்குப் போட மனசு வராமல் கோகிலவாணியிடம் கொடுத்தார். "நீ வச்சிக்கம்மா. உன் கையில ஓடும்" என்றார். ஏழு வருடமாக ஓடுகிறது.

ஆஸ்பத்திரி, சந்தை, ரேஷன் அரிசி என்று எல்லாவற்றுக்கும் அந்தக் கார் போகும். ஆனால் முக்கியமான டிரிப் காலையில்தான். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளை ஜமுனாமரத்தூரில் இருக்கும் மேல்நிலைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டிவருவது. காலையில் வருகிற ஒரே பஸ் பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரும். முன்பெல்லாம் ராஜாக்கண்ணுவின் ஜீப் ஒன்றுதான் கதி. அதில் முதலில் மூட்டை ஏறும், அப்புறம் ஆண்கள் ஏறுவார்கள், மிச்சம் இடம் இருந்தால் பெண்பிள்ளைகள் பின்னால் படியில் தொங்கலாம். ஜீப் நிரம்பும்வரை கிளம்பாது. நாலு நாள் தொங்குவதைப் பார்த்துவிட்டு அப்பன்மார்கள், "போதும், வூட்ல இரு" என்று சொல்லிவிடுவார்கள். எட்டாவதோடு நின்ற பிள்ளைகள் இந்த ஊரில் வீட்டுக்கு ஒன்று உண்டு. கோகிலவாணி கார் எடுத்த பிறகு ஒருத்தியும் நிற்கவில்லை. இந்த வருடம் இரண்டு பேர் பன்னிரண்டாவது பரீட்சை எழுதப்போகிறார்கள். இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த டிரிப்பைத்தான் அவளிடமிருந்து பிடுங்கப் பார்த்தார்கள்.

கோளாறு தீபாவளி கழிந்து ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கும்போது முன்சக்கரத்தில் லொடலொடவென்று சத்தம். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பியின் முனை தேய்ந்திருந்தது. அந்தக் கம்பியை டை ராடு என்று சொல்வார்கள். கீழே ஒரு ஊருக்குப் போய்ப் புது முனை போட்டாள். அது போட்டால் முன்சக்கரத்தைத் திரும்பவும் அளந்து வைக்கவேண்டும். அலைன்மென்ட் என்பது அதுதான். அதற்குக் கம்ப்யூட்டர் மெஷின் வைத்திருக்கிற ஒரு கடைக்கு அனுப்பினார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். எனக்கே கோகிலவாணி சொல்லித்தான் தெரியும். முன்சக்கரம் இரண்டும் பார்க்க நேராக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் இதுமாதிரிப் பழைய காரில் இரண்டும் முன்பக்கம் துளியூண்டு உள்ளே பார்த்தபடி இருக்கவேண்டும். நாம் நிற்கும்போது கால் கட்டைவிரல் இரண்டும் லேசாக ஒன்றையொன்று பார்த்தால் எப்படியோ, அப்படி. வண்டி ஓட ஆரம்பித்ததும் ரோடு இழுக்கிற இழுப்பில் சக்கரம் வெளியே விரிந்து சரியாக நேராகிவிடும். டோ இன் என்று பெயர். இரண்டு சாமை அரிசியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன அகலமோ, அவ்வளவுதான் கணக்கு. அது மாறிச் சக்கரம் வெளியே பார்த்துவிட்டால் வண்டி நேராகப் போகாது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அலையும்.

மெஷின் கடைக்காரர் கார் பெயரைத் தேடியிருக்கிறார். இல்லை. "இந்த வண்டி லிஸ்ட்லயே வரலைக்கா" என்றிருக்கிறார். வரவில்லை என்றால் தெரியாது என்று சொல்லி அனுப்பவேண்டியதுதானே? அதைச் செய்யவில்லை. ஏதோ ஒரு புது காரின் கணக்கைப் போட்டு வைத்துவிட்டார். இவள் "உள்ள பாத்தா மாதிரி வைக்கணுமே தம்பி" என்று சொல்லியிருக்கிறாள். "கம்ப்யூட்டரு சொல்லுதுக்கா, அதுக்குத் தெரியாதா?" என்று பதில் வந்திருக்கிறது. புது கார்களை முன்சக்கரம் இழுக்கிறது. இந்தக் காரைப் பின்சக்கரம் தள்ளுகிறது. இரண்டுக்கும் ஒரே கணக்கா? ஏசி ரூமில் போடுகிற செருப்பை மாட்டிக்கொண்டு மலை ஏறச் சொல்வது மாதிரி.

மலை ஏறி வரும்போதே ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. போகப்போக மோசமானது. பெண்பிள்ளைகள் உள்ளே இருப்பதால் மெதுவாக, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து ஓட்டினாள். தோளில் வலி வந்து ராத்திரியில் தைலம் தேய்த்துக்கொண்டாள். ஒருநாள் சாயங்காலம், பாலத்துக்கு முந்திய வளைவில் எதிரே ஒரு பைக் வர, ஒதுங்கப் போன கார் கொஞ்சம் அதிகமாக ஒதுங்கி, மண் மேட்டில் உரசி நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் பின்னால் ராஜாக்கண்ணுவின் ஜீப் வந்துகொண்டிருந்தது.

அவ்வளவுதான். ராஜாக்கண்ணு ஊருக்குள் வந்து சேர்வதற்குள் உரசல் விபத்தாகிவிட்டது. கோயில் முன்னால் போய்ச் சேர்ந்தபோது அவன் கதையில் கார் பள்ளத்தில் பாதி தொங்கியிருந்தது. கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சொன்னான். பிள்ளைகளைத் தனியாக நிறுத்தி, "ஒரு நாளிக்கு உங்கள எல்லாம் உருட்டிடுவா, பாரு" என்று வேறு சொல்லியிருக்கிறான். நாகரிகமாக 'சொன்னார்' என்று எழுதலாம்தான். கை வரவில்லை.

மறுநாள் ஊர்க்கவுண்டர் காசி கூட்டம் போட்டார். ஊரில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் சொல்லித்தான் நடக்கும். கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு தடவை முடிவு செய்துவிட்டால் கண்ணால் பார்த்தாலும் மாற்ற மாட்டார். காரைச் சுற்றி வந்து முன் டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

"டயரு புதுசாட்டம் கீது. பட்டன் எல்லாம் அப்படியே கீது. அப்ப வண்டி மேல இன்னா தப்பு? ஓட்றவ மேலதான்" என்றார்.

"மாமா, அலைன்மென்ட் சரியா வைக்கல. வண்டி அலையுது" என்றாள் கோகிலவாணி.

"ஏழு வருசமா அலையாத வண்டி இப்ப மட்டும் அலையுதா?" என்றான் ராஜாக்கண்ணு. "வயசு ஆவுது இல்ல, கண்ணு தெரியலயோ இன்னாவோ."

அவளுக்கு முப்பத்தாறு வயது. அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஒருத்தர் சிரித்தார், இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். லட்சுமணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் என்ன இருந்ததோ. அடுத்த திங்கள்கிழமையிலிருந்து பிள்ளைகள் ராஜாக்கண்ணுவின் ஜீப்பில் போகட்டும் என்று முடிவானது. கோகிலவாணி, ஞாயிற்றுக்கிழமைவரை டைம் கொடுங்கள், சரி செய்து காட்டுகிறேன் என்று கேட்டாள். காசி பெரிய மனசு பண்ணிச் சரி என்றார்.

அன்று சாயங்காலம் அங்கன்வாடியைப் பூட்டிக்கொண்டு நான் அவள் வீட்டுக்குப் போனேன். காருக்குக் கீழே இரண்டு கால் தெரிந்தது.

"டீச்சர், வந்து கைய வுட்டுப் பாருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நல்ல புடவைதான் கட்டியிருந்தேன். பரவாயில்லை என்று மண்ணில் படுத்து டயருக்கு உள்பக்கம் கையை விட்டேன். வெளிப்பக்கம் பட்டன் பட்டனாக இருந்த அதே டயர் உள்பக்கம் மொட்டையாக இருந்தது. ஒரு இடத்தில் நூல் தெரிந்தது. உள்ளேயிருந்து வெளியே தடவினால் வழவழவென்று போனது. வெளியேயிருந்து உள்ளே தடவினால் ரம்பம் மாதிரிக் கையைக் கீறியது.

"செருப்புக் கம்பெனியில திரும்பி வர்ற ஜோடுங்கள பாப்பேன் டீச்சர். எந்தப் பக்கம் தேஞ்சிருக்குதோ, அத வச்சி அந்த ஆளு எப்படி நடப்பான்னு தெரிஞ்சிடும். இதுவும் அதுதான். ரெண்டு சக்கரமும் வெளிய பாத்துகினே ஓடியிருக்குது. அதான் உள்பக்கம் தேஞ்சிருக்குது."

எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த டயரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒன்றும் ஆகாமல் இத்தனை நாள் ஓட்டினாளே, அதற்குத்தான் மாலை போட்டிருக்கவேண்டும். காசி வீட்டுக்கு ஓடினேன். வந்து பாருங்கள் என்றேன். "குனிய முடியாது டீச்சர், முட்டி வலி" என்றார். வழியில் ராஜாக்கண்ணு நின்றிருந்தான். அவனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து காட்டினேன். உட்கார்ந்து பார்த்தான். உள்பக்கம் தடவினான். அவனும் டிரைவர்தானே, அவனுக்குத் தெரியாதா? தெரிந்தது. முகத்தில் தெரிந்தது. எழுந்து கையைத் தட்டிவிட்டு, "வளைவுக்கு வளைவு பிரேக்க போட்டுப் போட்டுத் தேச்சிருக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கோகிலவாணி அமீனுல்லா பாய்க்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"அந்த மிஷின்ல இந்த வண்டிய பத்தி இன்னாம்மா இருக்கும்? நான் எப்பவும் நூல் புடிச்சிதான் வைப்பேன்" என்றார் பாய். "ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சிக்க. காலி வண்டியில அளக்காத. வெயிட்டு ஏறினா முன்னாடி உக்காந்துக்கும், கணக்கு மாறிப்போவும். நான் புளி மூட்ட ஏத்திகினுதான் அளப்பேன். நீ யார ஏத்திகினு போவியோ அவங்கள உக்கார வச்சி அள. இன்னொண்ணு, தரை மட்டமா இருக்கணும். ஒரு பக்கம் சாஞ்சிருந்தா எல்லாம் வேஸ்ட்டு."

பாய் பேசியதோடு நிற்கவில்லை. வியாழக்கிழமை மலைக்கு வந்த தன் வேனில் இரண்டு நல்ல டயர் ஏற்றி அனுப்பினார்.

டயர் வந்தது, அன்றைக்கே மாட்டிவிட்டாள். ஆட்களுக்குப் பஞ்சமில்லை. மட்டமான தரைக்கு எங்கே போவது? இது மலை. என் அங்கன்வாடி வாசலில் பிள்ளைகள் பந்தை வைத்துவிட்டு கையை எடுத்தால் பந்து ஓடை வரைக்கும் போகும். ஊரிலேயே மட்டமான இடம் ஒன்றுதான். கதிர் அடிக்கிற ஊர்ப் பொதுக் களம்.

சாமை அறுப்பு நேரம். பெண்கள் களத்தைச் சாணி போட்டு மெழுகி வைத்திருந்தார்கள். பொலி என்கிற தானியக் குவியலை அளந்து சாமிக்கு எடுத்து வைக்கும்வரை அதில் செருப்புக் காலோடு யாரும் ஏறமாட்டார்கள். அதில் எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. சோறு வந்து விழுகிற இடம், மரியாதை வேண்டியதுதான். கோகிலவாணியும் அதைத் தெரிந்துதான் போய்க் கேட்டாள். அரை நாள் போதும், சாக்கு விரித்து அதன்மேல்தான் நிறுத்துவேன், டயரைக் கழுவித்தான் ஏற்றுவேன் என்றாள்.

"அது இன்னா பேச்சு? செருப்போட நாங்களே ஏற மாட்டோம். ஊரெல்லாம் உருண்டு வர்ற டயரு களத்துல ஏறலாமா?" என்றார் காசி.

"போன வருசம் ராஜாக்கண்ணு அண்ணன் ஜீப்பு ஏறிச்சே மாமா. கதிரு மேல சுத்திச் சுத்தி ஓட்டினாரே."

"அது களத்து வேல. இது ரிப்பேரு."

நான் கூடவே நின்றிருந்தேன். ஜீப்பு டயர் என்ன ஆகாயத்தில் உருண்டு வந்ததா என்று கேட்க வாயெடுத்தேன். கோகிலவாணி என் கையைப் பிடித்து அழுத்தினாள். என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது, இப்படிப் பணிந்து போகிறாளே என்று.

பணியவில்லை என்பது மறுநாள் காலையில் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. களத்தில் இடம் போதாது. அதனால் அறுத்த சாமைக் கதிரில் பாதியைத் தார்ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் அதன்மேல் ஏறி இறங்கும், தானியம் உதிரும். மாடும் வேண்டாம், ஆளும் வேண்டாம். பஸ்ஸும் ஜீப்பும் விட்டால் வேறு வண்டி அதிகம் வராத ஊரில் தினமும் தவறாமல் அதை மிதித்துக் கொடுப்பது எந்த வண்டி? கோகிலவாணியின் அம்பாசிடர்தான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இன்னும் ஒரு நடை போய்ட்டு வாம்மா என்று கேட்டு மிதிக்க வைப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலையிலும் ரோட்டை அடைத்துப் பரப்பியிருந்தது. காசியின் சாமைதான். அவர் மனைவி குப்பம்மா துடைப்பத்தோடு ஓரமாக நின்றாள். கார் பிள்ளைகளோடு வந்தது. கதிருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கோகிலவாணி எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

"ஏன் நின்னுட்ட, வாம்மே" என்றார் காசி.

"இல்லீங்க மாமா. ஊரெல்லாம் உருண்டு வர்ற டயரு. நீங்க சோறு துன்ற சாமை. ஏறக் கூடாது."

கத்திச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னாள். காசிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது.

"ரோடு வேற, களம் வேற."

"சாமை ஒண்ணுதானுங்களே? இங்க மிதிச்ச சாமையத்தானே அங்க கொண்டுபோய்ப் பொலி போடுறீங்க? தரையில ஏறக் கூடாத டயரு தானியத்து மேல மட்டும் ஏறலாமா? நீங்க ஒதுக்கி வழி வுடுங்க, நான் போறேன். இல்லனா களத்துல வுடுங்க, இதும் மேல தினமும் ஓட்டித் தர்றேன்."

பின்னால் ராஜாக்கண்ணுவின் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் பால் பைக். எல்லாரும் இறங்கிவந்து நின்றார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. என் ஆயுசில் அவ்வளவு கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தது கிடையாது.

பேசியது குப்பம்மா. துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "களத்த மெழுகுறது நீயா, நானா? சாணி கரைக்கிறது நானு, முட்டி தேய மெழுகுறது நானு. அதுல யாரு ஏறணும், யாரு ஏறக் கூடாதுன்னு மட்டும் நீ சொல்லுவ." அப்புறம் கோகிலவாணியைப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம கொண்டாந்து ஏத்துடி. கறை பட்டா மறுபடியும் மெழுகிக்கிறேன்."

குப்பம்மாவே கதிரை ஒதுக்கி வழி விட்டாள். பிள்ளைகள் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரம் கழித்துத்தான் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டயரைக் கழுவி, சாக்கு விரித்து, காரைக் களத்தில் ஏற்றினாள். காசி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்து, எங்கே ஒரு சொட்டு ஆயில் விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். விழவில்லை.

முன்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, சுற்றவிட்டு, ஆணியை ஒரே இடத்தில் அசையாமல் பிடித்து டயரின் நடுவில் கோடு போட்டாள். இரண்டு டயருக்கும் அப்படி. இறக்கிவிட்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டாள். தினமும் யார் எங்கே உட்காருவார்களோ அங்கேயே உட்காரவேண்டும், புத்தகப் பையோடு. ஞாயிற்றுக்கிழமை எதற்குப் பை என்று அவர்கள் முனக, வெயிட்டு என்றாள். டிரைவர் சீட்டில் அவளுக்குப் பதிலாக நான். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளவேண்டும், மூச்சு விடலாம், ஆடக் கூடாது என்றாள். லட்சுமணன் காரை முன்னால் தள்ளி நிறுத்தினார். கோட்டிலிருந்து கோட்டுக்கு நூல் பிடித்து முன்பக்கம் அளந்தாள். அரைச் சுற்று தள்ளி, அதே கோடு பின்பக்கம் வந்ததும் அங்கே அளந்தாள். முன்பக்கம்தான் அகலமாக இருந்தது. சக்கரம் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தது. நூலைக் காசிக்கு எதிரே நீட்டிக் காட்டினாள். அவர் பார்வை ஆயிலிலேயே இருந்தது.

அப்புறம் டை ராட்டைத் திருகுவது. இரண்டு பக்கமும் ஒரே அளவு திருகவேண்டும். ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் லட்சுமணன். மனிதர் மனைவிக்கு உதவுகிற ஆர்வத்தில் அரைச் சுற்று கூடுதலாகத் திருகிவிட்டார். அளவு சரியாக வந்தது, ஆனால் ஸ்டியரிங் கோணிக்கொண்டது. மறுபடி தளர்த்தி, மறுபடி தள்ளி, மறுபடி அளந்து. உள்ளே பிள்ளைகள் வெயிலில் வெந்து, பாட்டுப் பாடி, சண்டை போட்டு, சமாதானமாகி. உச்சி வெயிலுக்கு முன்னால் முன்பக்கம் பின்பக்கத்தைவிட இரண்டு சாமை அளவு குறைந்தது. அவள் நூலைச் சுருட்டினாள்.

காசியையும் ராஜாக்கண்ணுவையும் முன்சீட்டில் உட்காரவைத்து, பாலம்வரை ஓட்டிக் காட்டினாள். நேரான இடத்தில் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தாளாம். கார் கோடு போட்டதுபோல் போனதாம்.

சாயங்காலம் கோயில் முன்னால் கூட்டம். பெண்பிள்ளைகளும் வந்து ஓரமாக நின்றார்கள். காசி தொண்டையைச் செருமினார்.

"பரவால்ல. கத்துக்கினா. இப்ப நல்லா ஓட்றா. நாளையிலருந்து அவளே இட்டுகினு போவட்டும்."

"நான் சொன்னப்புறம்தான் கொஞ்சம் கவனமா ஓட்றா" என்றான் ராஜாக்கண்ணு.

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். சிலர் எழுந்து வேட்டியைத் தட்டினார்கள். நூல் பிடித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இவர்கள். காலையில் அளந்து காட்டி, மதியம் ஓட்டிக் காட்டி, சாயங்காலம் அவள் கற்றுக்கொண்டாளாம். நான் எழுவதற்குள் கோகிலவாணி எழுந்துவிட்டாள்.

"நான் ஒண்ணும் கத்துக்கல மாமா. ஏழு வருசமா எப்படி ஓட்டினேனோ அப்படித்தான் இன்னிக்கும் ஓட்டினேன். வண்டியில கோளாறு இருந்துச்சு, எடுத்துட்டேன். அதச் சொல்லுங்க. அதச் சொல்லலனா நாளைக்கு நான் வண்டி எடுக்க மாட்டேன்."

"டிரிப்பு குடுத்தாச்சு இல்ல, இன்னும் இன்னாம்மே வேணும்?"

"அதான் வேணும்."

நான் பயந்துபோனேன். கைக்கு வந்ததை இப்படித் தூக்கிப் பந்தயம் வைக்கிறாளே, இவர்கள் சரி போ என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் கதி என்ன? கூட்டத்தின் பின்னால் லட்சுமணன் எழுந்து நின்றார். "அவ சொல்றது சரிதான்" என்றார். கல்யாணமானதிலிருந்து அந்த மனிதர் சபையில் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

காசி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "சரி. கோளாறு வண்டியில. இவ மேல இல்ல. நாங்கதான் தெரியாம சொல்லிட்டோம்" என்றார். சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"ராஜாக்கண்ணு அண்ணனும் சொல்லட்டும்."

"அதான் கவுண்டரே சொல்லிட்டாரே."

"என்கிட்ட சொல்ல வேணாம்ணா. பொண்ணுங்ககிட்ட சொல்லுங்க. நான் உருட்டிடுவேன்னு அவங்ககிட்டதானே சொன்னீங்க."

ராஜாக்கண்ணு காசியைப் பார்த்தான். காசி வேறு பக்கம் பார்த்தார். வேறு வழியில்லாமல் பிள்ளைகள் நின்ற பக்கம் திரும்பி, "வண்டிதான் கோளாறு. அக்கா நல்லாத்தான் ஓட்டுது" என்று முணுமுணுத்தான்.

பன்னிரண்டாவது படிக்கிற சிவசங்கரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்களுக்குத் தெரியும்ணா" என்றாள். "வண்டி இழுத்துகினு போவும், அக்கா புடிச்சி புடிச்சி நேரா வைக்கும். தெனமும் பாத்துகினுதானே போனோம்."

இத்தனை நாள் அழாத கோகிலவாணி அப்போதுதான் அழுதாள். தினமும் அந்தக் காருக்குள் உட்கார்ந்து போய்வந்தவர்கள் அந்தப் பிள்ளைகள். இரண்டு தடவை கூட்டம் போட்ட ஊரில் அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.